டிசம்பரில் ராமேஸ்வரம் பக்கம் குடும்பத்தோடு படகில் போய்க் கடலில் குளிக்கலாமா?

மதுரையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. அரையாண்டு விடுமுறைக்கு 8 பேர் வருகிறீர்கள். 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள 64 வயது அம்மா. ஒரு மீன்பிடிப் படகுக்காரர் தீவுக்குக் கூட்டிப்போய், வழியில் நிறுத்திக் கடலில் குளிக்கவும் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எந்த இடம் நல்லது என்றுதான் உங்கள் கேள்வி முடிகிறது. ஆனால், பழக்கமில்லாத கடலில், பழக்கமில்லாத ஒருவரை நம்பிப் பிள்ளைகளை இறக்கலாமா என்பதுதான் உங்கள் மனதை அரிப்பது என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படகில் போங்கள், கடலிலும் குளியுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். படகுச் சவாரியைப் படகோடு முடித்துக்கொண்டு கரைக்கு வந்து, கால் ஊன்றுகிற ஆழத்தில் குளியுங்கள். அந்த மீன்பிடிப் படகுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் பாம்பன் பக்கத்துக்காரன். அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்தவர். பவளப்பாறை, கடற்புல் கணக்கெடுப்புகளில் முக்குளிப்பவனாக 19 வருடம் வேலை பார்த்தேன், இப்போது பிள்ளைகளுக்குக் கடலில் நீந்தச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. முதலுதவி பற்றிக் கீழே சொல்வது பயிற்சியில் கற்றதும் கரையில் செய்து பார்த்ததும்தான்.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே தொண்டி, தேவிபட்டினம், அரியமான் என்று மண்டபம் வரை வருவது பாக் விரிகுடா. தெற்கே ஏர்வாடி, கீழக்கரை, சேதுக்கரை பக்கம் இருப்பது மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி ஆட்கள் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெயரை வைத்துப் பெண்கடல் எப்போதும் சாதுவாக இருக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எந்தக் கடல் அமைதியாக இருக்கும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் விரிகுடா குளம்போலக் கிடக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடை. அப்போது அப்படியே தலைகீழ்: வடக்குக் கரையில் அலை அடிக்கும், தெற்குக் கரை அடங்கியிருக்கும். இரண்டு கடலும் ஒருசேர அமைதியாக இருந்து, தண்ணீரும் தெளிந்திருப்பது பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. இணையத்தில் அரியமான் கடற்கரையைப் பற்றி 'குழந்தைகளுக்கு ஏற்ற இடம்' என்று படித்திருப்பீர்கள். அதை எழுதியவர் கோடையில் வந்திருப்பார். நீங்கள் வருவது டிசம்பரில், அதனால் உங்களுக்குத் தெற்குக் கரைதான்.

இங்கேதான் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டிசம்பரில் தெற்குக் கரை அமைதியாக இருப்பதற்குக் காரணம், காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பது. கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை. ஆனால் மிதக்கிற எதையும் அந்தக் காற்று வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்றடைத்த ரப்பர் டியூப், பிளாஸ்டிக் வாத்து, என்ஜின் நின்றுபோன படகு எல்லாவற்றையும்தான். கோடையில் அரியமான் பக்கம் நடப்பதும் இதுவே. தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறது என்று பிள்ளையை டியூபில் உட்காரவைத்துவிட்டு அப்பா செல்போனில் படம் எடுப்பார். ஐந்து நிமிடத்தில் டியூப் கழுத்தளவு ஆழத்துக்குப் போயிருக்கும். நீச்சல் தெரிந்தவர்கூட அந்தக் காற்றில் டியூபைத் துரத்திப் பிடிக்க முடியாது. தயவுசெய்து டியூபை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், கீழக்கரைக்கு எதிரே ஒரு பாருக்கு அருகில் நங்கூரம் போட்டுவிட்டு நாலு பேர் தண்ணீருக்குள் இறங்கினோம். எங்கள் ஊரில் பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டு. ஒருவர் படகிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அன்று வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நாலு பேருமே இறங்கிவிட்டோம். நங்கூரக் கயிறு பவள விளிம்பில் உரசி உரசி அறுந்துபோனது. மேலே வந்து பார்த்தால் படகு இருநூறு அடி தள்ளித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் நீச்சலில் தேர்ந்தவர்கள், காலில் துடுப்புச் செருப்பு வேறு. இருந்தும் படகுக்கும் எங்களுக்கும் இடையிலான தூரம் கூடிக்கொண்டேதான் போனது. நண்டு வலை எடுத்துக்கொண்டு வத்தை என்கிற சின்னப் படகில் வந்த ஒரு பெரியவர் எங்களை ஏற்றிக்கொண்டு, துரத்திப்போய்ப் படகைப் பிடித்துக் கொடுத்தார். "படகுல ஆள் இல்லாம எல்லாரும் எறங்கலாமாய்யா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். அந்த இடத்தில் உங்கள் 7 வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 'வழியில் நிறுத்திக் குளிக்க விடுகிறேன்' என்பதற்கு நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்பது புரியும்.

தண்ணீரிலிருந்து படகில் ஏறுவதும் எளிதில்லை. மீன்பிடிப் படகின் விளிம்பு நீர்மட்டத்திலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் இருக்கும். பிடித்து ஏற ஏணி இருக்காது. நனைந்த உடுப்போடு ஒரு பெரிய ஆளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். பின்பக்கம் வழியாக ஏறலாம் என்றால் அங்கே என்ஜினின் விசிறி இருக்கிறது. ஓடாமல் நின்றிருந்தாலும் அதன் விளிம்பு காலைக் கிழிக்கும். முழங்கால் வலியுள்ள உங்கள் அம்மாவால் இது முடியாத காரியம்.

அடுத்தது சட்டம். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் அந்தத் தீவுகளில் கால் வைப்பது குற்றம். அந்த 21-இல் இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே மூழ்கிப்போய்விட்டன. முன்பு பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் வனத்துறை இங்கே கெடுபிடியாக இருக்கிறது, நானும் அதை ஆதரிக்கிறேன். 2010, 2016 வருடங்களில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததை நீருக்கடியில் இருந்து பார்த்தவன் நான். பழுப்பும் பச்சையுமாக இருந்த பாறை சில வாரங்களில் எலும்புபோல வெள்ளையாகிவிடும். மிச்சமிருப்பதன் மேல் ஒரு நங்கூரம் விழுவதைக்கூட என்னால் தாங்க முடியாது. மீன்பிடிப் படகுக்கு மீன் பிடிக்கத்தான் உரிமம், ஆட்களை ஏற்ற இல்லை. உங்களைத் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், கடலும் அவருக்கு அத்துப்படியாக இருக்கலாம். ஆனாலும் ஏதாவது நடந்துவிட்டால் காப்பீடும் இல்லை, நீங்கள் அங்கே போனதற்கான பதிவும் இல்லை. தனுஷ்கோடியில் யாராவது 'ராமர் பால மணல் திட்டு வரை போகலாம்' என்றாலும் தலையாட்டாதீர்கள். அந்தப் பக்கம் இலங்கையுடனான கடல் எல்லை மிக அருகில் இருக்கிறது.

அப்படியானால் எதில் போவது? வனத்துறை உள்ளூர் மக்களோடு சேர்ந்து நடத்துகிற படகுகளில் போங்கள். ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசையில் அடிப்பக்கம் கண்ணாடி பதித்த படகில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிறார்கள். பாம்பன் குந்துகாலுக்கு எதிரே இருக்கும் குருசடைத் தீவுக்கும் வனத்துறை வழியாகவே போக வேண்டும். 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேலைநாட்டுப் பயணம் முடித்து வந்து இறங்கியது இந்தக் குந்துகால் பக்கம்தான், அவருக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. காற்று, பராமரிப்பு, விடுமுறை என்று பல காரணங்களால் படகு ஓடாத நாட்களும் உண்டு. கட்டணமும் அவ்வப்போது மாறும். அதனால் முதல் நாளே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காலை 8 மணிவாக்கில் கிளம்பி 11-க்குள் கரைக்கு வந்துவிடுவது நல்லது. அதற்கு மேல் பெரும்பாலும் காற்று ஏறிவிடும், தண்ணீர் சிலிர்த்துப்போய்க் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது. மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆகாமல் போனால் கலங்கல்தான் மிச்சம். தெளிந்த நாளாக அமைந்தால் மூளைபோல மடிப்பு மடிப்பாக இருக்கும் பவளம், கிளிமீன், கடல் அட்டை எல்லாம் பிள்ளைகள் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. பவளத் துண்டு, உயிருள்ள சங்கு எதையும் எடுக்க விடாதீர்கள். பவளமும் கடல் அட்டையும் சட்டப்படி காப்பாற்றப்படுபவை. சில கூம்புச் சங்குகளுக்கு உயிரைப் பறிக்கும் விஷமும் உண்டு.

எந்தப் படகானாலும் ஏறுவதற்கு முன் நீங்களே பாருங்கள். பதிவு எண் எழுதியிருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம் என்று இருக்கிறதா, நங்கூரமும் நீளமான கயிறும் இருக்கிறதா, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குடும்பமாகச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். 2023 மே 7-ஆம் தேதி கேரளத்தின் தானூரில் இறந்ததும் 22 பேர். அது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது, அளவுக்கு மேல் ஆளேற்றி, பொழுது சாய்ந்தபின் ஓட்டியது. இரண்டும் ஆழ்கடலில் நடந்தவை இல்லை. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நடந்தவை.

லைஃப் ஜாக்கெட் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பெரியவர்களுடையதைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டி, இடுப்பு வாரை மட்டும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே போகும். போன வருடம் கரையோரத்தில் ஒரு சிறுமிக்கு அளவு பார்க்கச் சொல்லி அவள் அம்மாவிடம் கேட்டேன். பிள்ளையின் இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டை இரண்டையும் பிடித்து இழுத்தேன். ஜாக்கெட் மோவாயைத் தாண்டி, காதையும் மூடி, கண் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளேயிருந்து அந்தப் பிள்ளை 'அம்மா' என்றது. அந்த அம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. இதே சோதனையை உங்கள் பிள்ளைகளுக்குக் கரையிலேயே செய்யுங்கள். மோவாய்க்கு மேல் வந்தால் அளவு தப்பு, வேறு கேளுங்கள். இல்லை என்றால் ஏறாதீர்கள். சின்னதற்குக் கால்களுக்கு இடையே போட்டுக் கட்டும் வார் இருக்க வேண்டும். பெண்கள் சேலையோடும் துப்பட்டாவோடும் தண்ணீரில் இறங்குவது ஆபத்து. நனைந்த துணி காலைச் சுற்றும், படகில் கொக்கியில் மாட்டும். முழுக்கை டீசர்ட்டும் லெக்கின்ஸும் போதும், வெயிலுக்கும் அதுவே காப்பு.

குளிக்கும் இடத்துக்கு வருகிறேன். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனை கூடவே கூடாது. அங்கே நீரோட்டம் பலமானது, மணல் இன்றைக்கு இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது, இரண்டடி எடுத்து வைத்தால் ஆழம். தடை போட்டும் வருடம்தோறும் யாராவது இறங்கிவிடுகிறார்கள். பாம்பன் பாலத்தைச் சுற்றியும் குந்துகால் வாய்க்கால் பக்கமும் வேண்டாம். இரண்டு கடலுக்கும் இடையில் அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் பாய்கிறது, ஆற்று வெள்ளம்போல இழுக்கும். டிசம்பரில் நான் என் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது சேதுக்கரை போன்ற, ஆட்கள் காலங்காலமாக இறங்கிக் குளிக்கிற தெற்குக் கரை மணலுக்குத்தான். அங்கேயும் அன்றைக்குக் கரையில் நிற்கும் ஒருவரிடம் "அண்ணே, நீவாடு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். நீவாடு என்றால் எங்கள் பக்கம் நீரோட்டம். வேண்டாம் என்றால் ஏன் என்று வாதாடாமல் திரும்பிவிடுங்கள். பிள்ளைக்கு இடுப்பளவுதான் எல்லை. பெரியவர்களில் ஒருவர் குளிக்காமல், போனைத் தொடாமல், பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். மூழ்கும் பிள்ளை கத்தாது. வாய் நீர்மட்டத்தில் மூழ்கி மூழ்கி எழும், கை பக்கவாட்டில் அடிக்கும், சத்தமே இருக்காது. மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பக்கத்தில் வைத்திருங்கள். நீச்சல் தெரியாதவர் குதிப்பதற்கு அதை வீசுவது மேல்.

யாரையாவது மூச்சில்லாமல் கரைக்குத் தூக்கி வந்தால், தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். அதில் போகும் நிமிடங்கள் திரும்ப வராது. மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து 5 முறை மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு என்று 108 ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாமல் செய்யுங்கள். உங்களில் இரண்டு பேராவது வருவதற்கு முன் இதை ஒரு பயிற்சியில் நேரில் கற்றுக்கொண்டு வந்தால் நல்லது, படித்துச் செய்வது கடினம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

சொறி என்று நாங்கள் சொல்லும் ஜெல்லிமீன் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் ஒன்றிரண்டு ஒதுங்கிக் கிடந்தால் அன்றைக்குக் குளியல் வேண்டாம். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையை அட்டையால் வழித்து எடுங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், மிதித்தால்தான் குத்தும். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் ஒரு மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி பெருமளவு தணியும். முள் உடைந்து உள்ளே நின்றாலோ, குத்தியது நெஞ்சிலோ வயிற்றிலோ என்றாலோ பிடுங்காமல் நேராக மருத்துவமனை. மூச்சுத் திணறல், முகவீக்கம் எதற்கும் அதேதான்.

டிசம்பர் கடைசி என்பதால் ஒரு எச்சரிக்கை. தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பர் 22, 23-இல். எல்லா வருடமும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பருவம் முடிந்திருக்காது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்தியில் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

தெற்குப் பக்கம் படகு ஓடாமல் போனால் பிள்ளைகள் முகம் வாடிவிடும், அதனால் இன்னோர் இடமும் சொல்லிவைக்கிறேன். தொண்டிப் பக்கம் காரங்காடு. பாக் விரிகுடாக் கரைதான், ஆனால் அலையாத்திக் காட்டுக்குள் ஓடும் கழி வழியாகப் படகு போவதால் வாடையின் வேகம் அவ்வளவாகத் தெரியாது. வெளிக்கடல் வரை போக வேண்டாம், கழிக்குள்ளேயே சுற்றிவந்தால் போதும் என்று படகு ஓட்டுபவரிடம் சொல்லுங்கள். மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து ஆணிபோல நிமிர்ந்து நிற்பதையும், மழைக்காலத்தில் வந்து இறங்கும் பறவைகளையும் பார்க்கலாம். அம்மா நிதானமாகப் படகில் ஏறவும் ஒருவர் கைகொடுப்பார். சாப்பாடு அந்த ஊர்ப் பெண்கள் சமைத்துக் கொடுப்பது. நண்டும் மீனும் வேண்டுமென்றால் எத்தனை பேர் என்று முதல் நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள், காலையில் பிடித்து வந்ததை வைத்துத்தான் அடுப்புப் பற்றவைப்பார்கள்.